உள்நாட்டுப் போரை உரைத்த இருவர்

அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–65) அறிஞர்தம் பேச்சின் வழியே விளக்கிய கென் பர்ன்ஸின் தொலைக்காட்சித் தொடர், 1990 செப்டம்பரில் ஒன்பது பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அதில் மிகுதியாகப் பேசுபவர் ஷெல்பி ஃபூட். அப்போரை மூன்று பெருந்தொகுதிகளில் எழுதியவர். எனினும் அடிப்படையில் நாவலாசிரியர். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த அன்னாரின் நயமிகு குரலில் தளபதிகள் உயிர்பெற்று உலவுகின்றனர். கேட்கக் கேட்கச் சுவைதான். ஆனால் போர் மூண்டது ஏன் என்ற வினாவுக்கு, அமெரிக்கர் விட்டுக்கொடுக்கத் தவறியமையே காரணம் என விடையிறுக்கிறார். யாருடைய விடுதலையை விட்டுக்கொடுப்பது? ஏறக்குறைய 40 இலட்சம் கறுப்பின மக்கள் அன்று அடிமைகளாயிருந்தனரே!

அவர்கள் பக்கம் நின்று பேசுபவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியை பார்பரா ஃபீல்ட்ஸ். விடுதலை எவரும் அளித்த கொடையன்று. அடிமைகள் வடவர் படைமுகாம்களுக்குத் தப்பி வந்து போரின் நோக்கத்தையே மாற்றினர் என்பது அவர் நிறுவும் உண்மை. போரின் பொருளை விளங்கவைப்பது அவர் பேச்சே. அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரமோ மிகச் சிறிது. சுவைக்கு இடம் தந்த தொகுப்பாளர் உண்மைக்குச் சுருக்கியது பெருங்குறை.

1996இல் வரலாற்றாசிரியர் பலர் இத்தொடரை ஆராய்ந்து கட்டுரைத் தொகுப்பொன்று வெளியிட்டனர். போருக்குப்பின் விடுதலை பெற்றோர் பட்ட பாட்டைத் தொடர் விரைந்து கடந்துவிட்டது என்பது அதில் எரிக் ஃபோனர் கூறிய குறை.