பட்டரும் வழக்கறிஞரும்

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரிலே மூவர் கோயில் நிற்கிறது. எழுப்பியவை மூன்று தளிகள், எஞ்சியவை இரண்டு. தன் பெயரால் ஒன்றும், தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களால் இரண்டும் எழுப்பியவன் இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அதுவும் வடமொழியில்! கல் சுமந்த தமிழன் பெயரை அது கூறவில்லை. ஆண்டவன் பெயர் கல்லிலே. உழைத்தவன் பெயர் காற்றிலே!

இந்த நினைவோடுதான் சுஜாதாவின் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யைக் கையில் எடுத்தோம்.

1968இல் வந்த 'நைலான் கயிறு' வாயிலாகத் தமிழர்க்கு அறிமுகமானவர் வழக்கறிஞர் கணேஷ். பின்னர் துணைக்கு வந்தவர் வசந்த். துப்பறியும் கதைகள் பலவற்றில் உலவிய இவ்விருவரையும் முதலாம் இராசராசன் காலத்துக்கே அழைத்துச் செல்கிறது இந்நாவல். கணேஷ், கணேச பட்டராகிறார், வசந்த், வசந்தகுமாரனாகிறான்.

பாராட்டவேண்டியதை முதலில் பாராட்டுவோம். வரலாற்றுப் புதினம் என்றாலே இளவரசனும் இளவரசியும் உலவ, அடுக்குமொழி ஆர்ப்பரிக்கும் என்ற வழக்கத்தை இது உடைக்கிறது. குறும்புக்கார இளைஞன் ஒருவன் கதையை நடத்துகிறான். நடை எளியது, அரண்மனை வாயிலிலும் ஆசிரியரின் நகைச்சுவை வாய்பொத்தி நிற்கவில்லை.

ஆயினும் நாம் கேட்பது இது. நம் காலத்துக் கணேஷுக்கு அறிவு எங்கிருந்து வந்தது? கற்ற சட்டத்திலிருந்து, சான்று கேட்கும் பழக்கத்திலிருந்து. பிறப்பிலிருந்தன்று! ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் சென்றதும் அந்த அறிவு பட்டர் பட்டம் சூடுவானேன்? "அக்காலம் அத்தகையது" என்பர். உண்மைதான், கல்வியைச் சுற்றி மதில் எழுப்பிய காலம் அது. ஆனால் மதிலுக்கு வெளியே அறிவு இல்லையா? கொடும்பாளூர் மணிக்கிராமத்து வணிகன் கணக்கறியாதவனா? நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரத்தைச் செதுக்கியவன் அளவறியாதவனா? அவர்களில் ஒருவனைத் துப்பறிவாளனாக்கியிருந்தால் கதை குறைந்தா போயிருக்கும்?

மற்றொன்று. இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தான் என்கிறது மெய்க்கீர்த்தி. கலம் என்பது கப்பல் என்பர் சிலர். உண்கலம் என்பர் சிலர். சாலை கல்விக்கூடம் என்பாரும் உண்டு. ஒரு தொடர், பல பொருள்! துப்பறிவாளனுக்கு இதனினும் சிறந்த புதிர் ஏது? மெய்க்கீர்த்தி என்பது வென்றவன் வாக்குமூலம். அதனை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்க வழக்கறிஞர் கணேஷ் ஒப்புவாரா? குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவாரா?

வாசகர் இந்நூலைப் படிக்கட்டும், சுவைக்கட்டும். படித்தபின் ஒருமுறை கொடும்பாளூர் செல்லட்டும். எஞ்சிய இரு தளிகளின் முன் நின்று, பட்டரின் பணிவோடன்று, வழக்கறிஞரின் துணிவோடு கேட்கட்டும்: கட்டச் சொன்னவன் பெயர் தெரிகிறது, கட்டியவன் யார்?

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் புதினத்துக்காக நாம் காத்திருக்கிறோம்.