அச்சாரமும் அடையாளமும்

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் விடிவதற்கு முன்பே பேரம் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் லொறி கொண்டு வந்த வியாபாரி ஒருவர் பச்சை மிளகாய் மூடைகளைக் கையால் அளைந்து பார்த்தார். சில ஆயிரம் ரூபாய்த் தாள்களைக் கடைக்காரரின் மேசையில் வைத்தார். கடைக்காரர் சிங்களவர். 'அத்திகாரம்' என்று சொல்லிக்கொண்டே கொப்பியில் ஒரு வரி எழுதினார். வியாபாரி தன் உதவியாளன் பக்கம் திரும்பி, "அச்சாரம் குடுத்தாச்சு தம்பி. இனி அவர் வேற ஆளுக்கு விக்கேலாது" என்றார்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்திலும் எபேசியருக்கு எழுதியதிலும் பவுல் ஆவியை 'அர்ரபோன்' என்கிறார். செமித்திய வணிகர் வழியாகக் கிரேக்கத்துக்கு வந்த கடன்சொல் அது. எபிரேய ஆதியாகமத்தில் யூதா தாமாரிடம் விட்டுச்சென்ற ஈடும் இதே சொல்தான். முழுத்தொகைக்கு முன்னே ஒரு பகுதியைக் கொடுத்துக் கொடுப்பவரையும் பெறுபவரையும் கட்டிப்போடுவதே அதன் வேலை. இன்றைய கிரேக்கத்தில் அது திருமண நிச்சயத்துக்கு ஆகிவந்திருக்கிறது. பவரின் தலைமையில் 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இங்கே 'அச்சாரம்' என்று போட்டது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அடையாளம்' என்ற பக்கம் சாய்ந்தது. அடையாளம் ஒன்றைச் சுட்டும். ஆனால் யாரையும் கட்டாது. அந்தக் கடைக்காரர் கொப்பியில் எழுதியது வெறும் அடையாளமாக இருந்திருந்தால், மிளகாய் மூடை அடுத்த லொறியில் ஏறியிருக்கும்.

தமிழ் வேதாகமங்களை எடைபோட வருபவர்கள் வழக்கமாக முதலில் பார்ப்பது வடமொழிக் கலப்பை. பவரின் நூல் மணிப்பிரவாளம், திருவிவிலியம் நல்ல தமிழ் என்று தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த அளவுகோல் தமிழின் உடல்நலத்தைச் சொல்லும். கிரேக்கச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு கேள்விகள் வேண்டும். மூலத்தில் தெருவில் புழங்கிய சொல் பெயர்ப்பிலும் தெருவில் புழங்குகிறதா, ஆலயத்துக்குள் அடைபட்டுவிட்டதா? ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் இங்கும் ஒரே வேரில் நிற்கின்றனவா? மூலம் இருபொருள்பட நிற்கும் இடத்தில் பெயர்ப்பாளர் அதைத் தாங்கிக்கொண்டாரா, தானே தீர்ப்பெழுதிவிட்டாரா?

முதற் கேள்விக்கு ஆதாரம் மணலுக்கடியிலிருந்து வந்தது. எகிப்தின் பாப்பிரசுத் தாள்களையும் ஓட்டுச்சில்லுகளையும் வைத்து அடோல்ஃப் டைஸ்மான் புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் ஒரு தனிப் புனித மொழியல்ல, சந்தையிலும் கடிதத்திலும் வரிச்சீட்டிலும் ஓடிய பொது மொழி என்று காட்டினார். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், ஊர் பார்க்கத் தருமம் செய்பவர் தம் பலனை 'அபெகோ' செய்துவிட்டார் என்கிறார் இயேசு. பற்றுச்சீட்டுகளில் 'தொகை முழுதும் பெற்றேன்' என்று எழுதும் சொல் அது. பவரின் பெயர்ப்பில் 'அடைந்து தீர்ந்தது' என்று வருகிறது. 'தீர்ந்தது' என்ற அந்த வினையில் கணக்கு மூடும் ஓசை கேட்கிறது. டைஸ்மானின் பெருநூல் 1908இல்தான் வந்தது. பவரின் குழுவுக்குச் சில்லுகள் தெரியாது, சந்தைத் தமிழ் தெரிந்திருந்தது.

எக்லேசியா என்ற சொல்லில் இரு பெயர்ப்புகளும் தவறுகின்றன. தவறும் விதம்தான் வேறு. கிரேக்க நகரில் எக்லேசியா என்றால் குடிமக்கள் கூடி முடிவெடுக்கும் அவை. அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் எபேசு அரங்கில் கூச்சலிடும் கும்பலுக்கும், சட்டப்படி கூடும் நகர அவைக்கும் அதே சொல் மூன்று தடவை வருகிறது. பவுல் தம் சிறு குழுக்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது அதில் ஒரு துணிச்சல் இருந்தது: ஊருக்கு ஓர் அவை இருக்க, நாங்களும் ஓர் அவை. தமிழில் இதற்கு 'சபை' மிகப் பொருத்தமான சொல். இதைச் சென்னை வாசகரைவிட நம்மூர் வாசகர் எளிதில் உணர்வார். அங்கே மாநகராட்சி, இங்கே மாநகர சபை, பிரதேச சபை. தம்புள்ளையில் வரி கட்டப் போகும் இடத்தின் பெயர்ப்பலகையிலேயே அந்தச் சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றாகத் தொங்குகிறது. பவர் சபையைத் தேர்ந்தது சரி. ஆனால் எபேசு அரங்குக்கு வந்ததும் கூட்டம், நியாயசங்கம் என்று நழுவினார். சொல் கையில் இருந்தும் ஒப்புமை அறுந்தது. திருவிவிலியம் ஒரு படி மேலே போய்த் 'திருச்சபை' ஆக்கியது. 'திரு' என்ற இரண்டெழுத்து வேலி வந்ததும் மாநகர சபைக்கும் அதற்கும் உறவு அற்றுவிடுகிறது.

இந்தத் 'திரு' ஒரு நோயாகவே ஆகிவிட்டது. திருத்தூதர், திருமுழுக்கு, திருச்சட்டம். மூலத்தில் இவையெல்லாம் அனுப்பப்பட்டவன், அமிழ்த்துதல், சட்டம் என்று மொட்டையாக நிற்கும் சொற்கள். திருமுழுக்கைப் பற்றி ஒன்று சொல்லியே தீரவேண்டும். பாப்டிஸோ என்றால் அமிழ்த்து. பாப்டிஸ்டுகள் அப்படியே பெயர்த்ததற்காக 1830களில் வங்காளப் புதிய ஏற்பாட்டுக்குப் பணம் தர வேதாகமச் சங்கம் மறுத்தது. தெளிக்கும் சபைகள் மனம் நோகும் என்பது காரணம். தமிழில் ஞானஸ்நானம் அந்தச் சண்டையைத் தந்திரமாகத் தவிர்த்தது: ஸ்நானம் எவ்வளவு நீரில் என்று யாரும் கேட்பதில்லை. இன்று உச்சியில் மூன்று துளி வார்க்கும் கத்தோலிக்கரும் 'முழுக்கு' என்ற சொல்லையே ஓதுகிறார்கள். சொல்லாராய்ச்சியில் பாப்டிஸ்ட் வென்றார், சடங்கு அசையவில்லை.

தெயோஸ் என்ற சொல்லின் தமிழ் வரலாறு வாசகருக்குத் தெரிந்ததே: சீகன்பால்கின் சர்வேசுரன், பப்ரீசியசின் பராபரன், யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் - நாவலர் பெயர்ப்பின் தேவன், அதை ஏற்ற பவர், பிறகு கடவுள். தேவர்கள் என்று ஒரு கூட்டம் ஏற்கெனவே இருப்பதால் தேவன் இழிந்த சொல் என்ற அன்றைய எதிர்ப்பை இன்றும் சிலர் திரும்பச் சொல்கிறார்கள். அது சொல்லின் குறை அன்று, அதன் தகுதி. தெயோஸ் என்பதும் சேயுசுக்கும் அப்பல்லோவுக்கும் வழங்கிய பொதுப்பெயர்தான். தேவர் எனப்படுவோர் பலர் இருந்தாலும் நமக்கு ஒருவரே என்று பவுல் வாதிடும்போது, பன்மையும் ஒருமையும் ஒரே சொல்லில் மோதவேண்டும். பராபரனுக்குப் பன்மை கிடையாது. ஆகவே அந்த வாதத்தை அது சுமக்கவே மாட்டாது. தேவன் சுமக்கிறது. திருவிவிலியம் பிறருடையதற்குத் தெய்வங்கள், தன்னுடையதற்குக் கடவுள் என்று பிரித்துவிட்டதால், வாதம் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. 1850இல் வெளிவந்த அந்த யாழ்ப்பாணப் பெயர்ப்பைப் பெரும்பாலான மிசனரிமார் ஏற்கவில்லை. அதற்குத் தமிழ் நடை வழங்கிய இளைஞர் பின்னாளில் சைவத்தின் காவலரானார். ஆனாலும் அதன் தேவன் தமிழ்நாட்டுப் புரட்டஸ்தாந்தியரின் வாயில் நிலைத்தது.

வேர்ப் பின்னலுக்கு வருவோம். உரோமர் கடிதம் முழுவதும் 'டிகாயோ' என்ற ஒரே வேர் ஓடுகிறது: நீதி, நீதியுள்ளவன், நீதியுள்ளவனாக்குதல். பவர் நீதி, நீதிமான், நீதிமானாக்குதல் என்று அந்த நூலை அறுக்காமல் இழுத்துச் செல்கிறார். திருவிவிலியம் நேர்மை, ஏற்புடையவராக்குதல் என்று இடத்துக்கு இடம் மாற்றுகிறது. 'ஏற்புடையவர்' தனியே பார்த்தால் அழகான சொல்; நீதிமன்ற வாடையை நீக்கி உறவின் வாடையைக் கொண்டுவருகிறது. ஆனால் பவுல் ஓர் உவமையைத்தான் கட்டுகிறார், அந்த உவமை வழக்குமன்றத்துடையது. வாடை போனால் உவமையும் போயிற்று.

பிஸ்திஸ் இன்னும் நுட்பமானது. அதில் நம்பிக்கையும் உண்டு, நம்பகமும் உண்டு. பவரின் 'விசுவாசம்' இன்று தெருவில் நாயின் விசுவாசமாகவும் எசமான விசுவாசமாகவும்தான் பெரிதும் உயிரோடிருக்கிறது. இதைக் காட்டிப் பலர் சிரிப்பார்கள். எனக்கு அது கிரேக்கத்தின் மறுபாதியைத் தற்செயலாகக் காப்பாற்றிய சொல்லாகவே படுகிறது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் 'கிறிஸ்துவின் பிஸ்திஸ்' என்று வருவது கிறிஸ்துமேல் நாம் வைக்கும் நம்பிக்கையா, கிறிஸ்துவே காட்டிய விசுவாசமா என்று ரிச்சர்ட் ஹேய்சின் 1983ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு அறிஞர் உலகம் இரண்டுபட்டு நிற்கிறது. வேற்றுமை உருபோடு 'கிறிஸ்துவின் விசுவாசம்' என்று தமிழில் அப்படியே சொல்ல முடியும், இருபொருளும் நிற்கும். பவர் 'பற்றும்' என்று ஒரு பெயரெச்சத்தை நடுவில் செருகினார். திருவிவிலியம் 'மீது' என்று ஓர் உருபைச் செருகியது. மூலத்தில் இல்லாத ஒரு சிறு சொல், ஒரு பெரிய விவாதத்தைத் தமிழ் வாசகரின் கண்ணுக்கே படாமல் மூடிவிட்டது. இருவரையும் இங்கே மன்னிக்க எனக்கு மனமில்லை.

யோவானின் கடைசி அதிகாரத்தில் பவருக்கு ஒரு வெற்றி. கடற்கரையில் பேதுருவிடம் கேட்கும் மூன்று கேள்விகளில் அகபாவோ, பிலேயோ என்று வினை மாறுகிறது. ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் பெயர்ப்பு இரண்டையும் ஒரே சொல்லில் கரைத்தது. பவர் அன்பாயிருத்தல், நேசித்தல் என்று வரிசை பிசகாமல் காத்தார். இந்த வேறுபாட்டில் பொருளே இல்லை, வெறும் நடை வேறுபாடு என்பாரும் உண்டு. சொல்லின் வேரிலிருந்தே இறையியல் கறக்கும் பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இல் உடைத்துப் போட்ட பிறகு அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ய முடியாது. அகபே என்றால் தெய்விக அன்பு என்று பிரசங்க மேடைகளில் முழங்குவதற்குக் கிரேக்கத்தில் ஆதாரம் மெலிது. அப்படியிருந்தும் வேறுபாட்டைக் காட்டிவிட்டு முடிவை வாசகரிடம் விட்டது நேர்மையான முறை.

தமிழின் சொந்தச் சிக்கல் சொல்லில் இல்லை, திணையில் இருக்கிறது. யோவானின் முதல் வசனத்தில் லோகோஸ். கிரேக்கத்தில் அது ஆண்பால் பெயர், ஆனால் இலக்கணப் பால்தான். கதவுக்கும் கல்லுக்கும் பால் உள்ள மொழி. அடுத்த வசனத்தின் சுட்டுப்பெயரை 'அது' என்றும் கொள்ளலாம், 'அவர்' என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் டின்டேல் 1526இல் மூன்றாம் வசனத்தில் அஃறிணைச் சுட்டையே போட்டார். அரச பெயர்ப்பு உயர்திணைக்கு மாற்றியது. தமிழில் வார்த்தையும் வாக்கும் அஃறிணை, வினைமுற்று 'இருந்தது' என்றே முடியும். பவர் முதல் வசனத்தை அப்படி முடித்துவிட்டு, இரண்டாம் வசனத்தில் எவ்வித அறிவிப்புமின்றி 'அவர்' என்று தாவுகிறார். வாசகர் ஒருகணம் அந்த 'அவர்' தேவனைக் குறிக்கிறது என்றே நினைப்பார். திருவிவிலியம் 'வாக்கு என்னும் அவரே' என்று ஒரு பாலம் கட்டிக் குழப்பத்தை நீக்கியது. கைவினைத் திறனில் இது மேல். ஆனால் நீக்கியது குழப்பத்தை மட்டுமில்லை. அஃறிணையாகத் தொடங்கிய ஒன்று பதினாலாம் வசனத்தில் மாம்சமாகும்போது உயர்திணையாகும் என்றால், தமிழ் இலக்கணமே அந்த அதிர்ச்சியைச் சுமந்திருக்கும். கிரேக்கத்துக்கு வாய்க்காத வசதி அது. இரண்டு பெயர்ப்பும் பன்னிரண்டு வசனம் முந்திக்கொண்டு அதை வீணாக்கின. ப்னெவ்மாவுக்கு வந்த 'ஆவி'க்கும் இதே திணைத் தடுமாற்றம். ஓரிடத்தில் ஆவி, வேறிடத்தில் ஆவியானவர். சளி பிடித்த பிள்ளையை அம்மா ஆவி பிடிக்க உட்காரவைக்கும் வீடுகளில் இந்தச் சொல்லுக்குத் தனி நகைச்சுவையும் உண்டு. காற்று, மூச்சு, ஆவி மூன்றையும் ஒருசேரச் சொல்லும் தமிழ்ச்சொல் இல்லாதபோது யாரைக் குறைகூறுவது?

மரியாதை விகுதியில் திருவிவிலியத்துக்குத்தான் வெற்றி. பவரில் இயேசு சொன்னார், பேதுரு சொன்னான். கிரேக்கத்தில் இல்லாத இந்த ஏணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ச் சமூகம் கட்டிக்கொடுத்தது; திருவிவிலியம் மீனவருக்கும் 'ஆர்' போட்டு அதைச் சாய்த்தது. வாக்கிய ஓட்டத்திலும் அது மிக முன்னே நிற்கிறது. பவரின் நீண்ட எச்சத்தொடர்களில் எழுவாயைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆக, உரக்க வாசிக்கத் திருவிவிலியம். கிரேக்கச் சொல் தமிழில் என்ன ஆனது என்று அறியப் பவர். சொல்லின் கணக்கில் பவருக்கே, சிறு வித்தியாசத்தில், என் வாக்கு.

அந்த வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதற்குக் கானா ஊர்க் கலியாணம் சாட்சி. திராட்சரசம் தீர்ந்துபோனதைச் சொன்ன தாயை இயேசு 'குணாய்' என்று விளிக்கிறார். பெண்ணே என்பது நேர்ப்பொருள். கிரேக்கத்தில் அது அவமதிப்பில்லை. ஆனால் மகன் தாயை அப்படி அழைக்கும் வழக்கமும் இல்லை. அந்த விலகல்தான் காட்சியின் முள். பவரின் 'ஸ்திரீயே' முள்ளை ஈட்டியாக்கியது. எந்தத் தமிழ் மகனும் தாயிடம் பேசாத சொல். திருவிவிலியத்தின் 'அம்மா' அதை மென்மையாக்கியது. பேருந்தில் முன்பின் தெரியாத பெண்ணையும் அம்மா என்கிறோம், பெற்றவளையும் அம்மா என்கிறோம். முன்னதைக் கருதியே பெயர்ப்பாளர் போட்டிருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் பெற்ற தாயாக இருக்க, எந்த வாசகரும் முன்னதைக் கேட்கப்போவதில்லை. மூலத்தில் மகன் சொல்லாமல் விட்ட அந்த ஒரே சொல்லைத் தமிழ் அவர் வாயில் வைத்துவிட்டது.