உபசாரமும் உரிமையும்: ‘கேற் அன்ட் லியோபோல்ட்’ திரைப்படம் பற்றியதொரு நோக்கு

ஒரு காலத்து மனிதனைப் பிறிதொரு காலத்திற் கொண்டுபோய் நிறுத்துவது மேனாட்டுக் கதைஞர் நெடுநாளாகக் கையாண்டுவரும் உத்தியாகும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன் 1889 இல் வெளியிட்ட நாவலொன்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழில்வல்லான் ஒருவனை ஆர்தர் மன்னனின் அவைக்கு அனுப்பினார். புதுமையின் கண்கொண்டு பழைமையை நோக்கி நகைப்பது அந்நூலின் போக்கு. ஜோன் பால்டர்ஸ்ரன் எழுதி 1926 இல் அரங்கேறிய ‘பார்க்லி ஸ்குவயர்’ என்னும் நாடகத்திலோ, பதினெட்டாம் நூற்றாண்டின்மீது காதல் கொண்ட இளைஞனொருவன் அக்காலத்தை அடைந்து, தான் கனவு கண்ட உலகில் அழுக்கும் கொடுமையும் மலிந்திருத்தலைக் கண்டு மனமுடைகிறான். இவ்விரண்டிலும் பழங்காலத்துட் புகுபவன் பிற்கால மனிதனே.

2001 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவில் வெளியான ‘கேற் அன்ட் லியோபோல்ட்’ என்னும் திரைப்படம் இவ்வழக்கைத் திருப்பிப் போடுகிறது. இங்கே பழங்காலத்தான் ஒருவன் நிகழ்காலத்துக்கு வருகிறான். வந்தவன் இக்காலத்தின் பொறிகளைக் கண்டு வியப்பதைவிட, அவனது நடையுடை ஒழுக்கங்களைக் கண்டு இக்காலத்தவர் வியப்பதே மிகுதி. ஜேம்ஸ் மங்கோல்ட் நெறிப்படுத்திய இப்படத்தின் கதைச்சுவடியை அவரும் ஸ்ரீவன் றொஜர்ஸ் என்பவரும் சேர்ந்து எழுதினர். ஹியூ ஜாக்மன், மெக் றயன் ஆகிய இருவரும் தலைமைப் பாத்திரங்களை ஏற்றனர். வேடிக்கைக்கென எடுக்கப்பட்ட படமேயாயினும், நன்னடை என்பது யாது, அதன் கவர்ச்சி எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாக்களை இது எழுப்புதலின், சற்று ஆழ்ந்து நோக்கும் தகுதியுடையது.

கதை வருமாறு. 1876 இல் நியூயோர்க்கிலே தங்கியிருக்கும் அல்பனிக் கோமகன் லியோபோல்ட் பட்டமுடையவன், பணமில்லாதவன். செல்வம் மிக்க அமெரிக்கக் குடும்பமொன்றிற் பெண்கொள்ளுமாறு அவனுடைய சிறிய தந்தை வற்புறுத்துகிறார். புறூக்ளின் பாலத்தருகே காலத்தின் வாயில் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கு வந்த ஸ்ருவேட் என்னும் ஆய்வாளனைப் பின்தொடர்ந்து, லியோபோல்ட் 2001 ஆம் ஆண்டிற்குள் வந்து விழுகிறான். ஸ்ருவேட்டின் முன்னாட் காதலி கேற், சந்தை ஆய்வு நிறுவனமொன்றில் உயர்பதவியை எதிர்நோக்கி உழைப்பவள். ஆடவர்மீது நம்பிக்கை இழந்தவள். இவ்விருவரும் முரண்பட்டு, இணங்கி, காதல் கொள்வதே எஞ்சிய கதை.

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் வழியே பிறக்குமெனத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இப்பாகுபாடு இப்படத்தின் நகைச்சுவையை ஆராய்வதற்கும் துணைசெய்கின்றது. பாண் வாட்டும் பொறியோடு கோமகன் படும் பாடும், நாயை உலாவக் கொண்டுசென்றவன் அதன் மலத்தை அள்ளுமாறு பொலிசார் கூறக் கேட்டுத் திகைப்பதும் அறியாமையின் பாற்பட்ட நகை. இத்தகைய காட்சிகளை எவரும் எளிதில் அமைத்துவிடலாம். மங்கோல்ட்டின் திறமை வேறொன்றில் உள்ளது. படம் செல்லச் செல்ல எள்ளலின் திசை மாறுகிறது. முதலிற் கோமகனைப் பார்த்துச் சிரித்த அவையோர், பின்னர் அவனருகே இருக்கும் இக்காலத்தவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகின்றனர்.

இம்மாற்றம் உணவுமேசையில் நிகழ்கின்றது. கேற் இருக்கையினின்று எழும் போதெல்லாம் லியோபோல்டும் எழுந்து நிற்கிறான். அவள் இதனை விளங்காது தடுமாறுகிறாள், உடனிருப்போர் நகைக்கின்றனர். சிறிது நேரத்திலோ, எழாது அமர்ந்திருப்பவர்களே காண்போர் கண்ணுக்குக் குறையுடையோராய்த் தோன்றுகின்றனர். எழுந்து நிற்பதனால் எவருக்கும் யாதொரு பொருட்பயனும் இல்லை. ஆயினும் ‘நீ வந்ததையும் போவதையும் யான் கவனித்தேன்’ என்னும் செய்தி அச்செயலில் அடங்கியுள்ளது. நாள் முழுவதும் பிறருடைய விருப்பு வெறுப்புக்களைக் கணக்கிட்டு வாழும் கேற்றினை அதுவரை எவரும் அவ்வாறு கவனித்ததில்லை. அவன் இறகுப் பேனாவால் எழுதி அனுப்பும் மடலும் அத்தகையதே. தொலைபேசியிற் கணநேரத்திற் கூறக்கூடிய ஒன்றை, நேரம் செலவிட்டு, சொல் தேர்ந்து எழுதுகிறான். அந்நேரமே அவன் தரும் பரிசு.

கேற்றின் தம்பி சார்லிக்கு அவன் கூறும் அறிவுரையும் இதனோடு பொருந்துவதே. தான் விரும்பும் பெண்ணின் முன்னிலையில் ஓயாது கோமாளித்தனம் செய்யும் சார்லியை நோக்கி, வேடிக்கையை விடுத்து உள்ளத்தை உள்ளவாறு வெளிப்படுத்துமாறு அவன் கூறுகிறான். நன்னடை என்பது மெருகூட்டிய பொய் என்று கருதுவோர் பலர். இப்படமோ அதனை மெய்ம்மையின் ஒரு வடிவாகக் காட்டுகிறது. கேற்றின் மேலதிகாரி ஜே. ஜே. என்பவன் தனக்கில்லாத இசையறிவை உள்ளதாகக் காட்டிப் பேசும்போது, லியோபோல்ட் அவனது பொய்மையை அமைதியாக வெளிப்படுத்துகிறான். தன்கீழ்ப் பணிபுரியும் பெண்ணைக் காதலின் பெயரால் நெருங்கும் தலைவனின் செயல் எத்துணை இழிந்ததென்பதையும் முகத்துக்கு நேரே உணர்த்துகிறான். படத்தின் மிகச் சிறந்த இடங்களுள் இஃதொன்று. வலியோன் மெலியோரிடத்துத் தன் வலிமையைக் காட்டாது ஒடுக்கிக்கொள்ளுதலே பண்பின் சாரம் என்பது இங்கே தெளிவாகின்றது.

இப்பாத்திரத்தை ஜாக்மன் ஏற்ற முறை பாராட்டுக்குரியது. முந்திய ஆண்டிலே ‘எக்ஸ் மென்’ என்னும் படத்திற் கூரிய நகமுடைய முரடனாகத் தோன்றியவர், இங்கு நிமிர்ந்த முதுகும் தாழ்ந்த குரலுமாக வருகிறார். பழங்கால மரியாதையைக் கேலிசெய்யும் நோக்கோடு நடித்திருந்தாராயின் படம் சிதைந்திருக்கும். அவரோ அதனை முழுவதும் நம்பியே நடிக்கிறார். மெக் றயனும் கேற்றின் களைப்பை மிகைப்படுத்தாது காட்டுகிறார்.

இனி, படத்தின் குறைகளை நோக்குவாம். வரலாற்றுப் பிழைகள் பல உள. அல்பனிக் கோமகன் என்னும் பட்டம் விக்ரோறியா மகாராணியின் இளைய மைந்தர் லியோபோல்டுக்கு வழங்கப்பட்டது 1881 இல் ஆகும். 1876 இல் அப்பட்டம் தாங்கியோர் எவருமிலர். ஆட்களை ஏற்றியிறக்கும் உயர்த்தியை இக்கோமகன் அமைத்ததாகப் படம் கூறுகின்றது. எலிசா ஓற்றிஸ் என்பவரின் உயர்த்தி 1857 இலேயே நியூயோர்க் வணிகசாலையொன்றில் இயங்கிற்று. ஜே. ஜே. யின் பிழையைத் திருத்த இவன் எடுத்தாளும் ‘லா போஎம்’ என்னும் இசைநாடகம் முதன்முதல் அரங்கேறியது 1896 இல். இவை யாவும் வேடிக்கைக் கதையிற் பொறுக்கத்தக்க பிழைகளே. பொறுத்தற்கரிய பிழை, சொல்லப்பட்டவற்றில் அன்று, சொல்லாது விடப்பட்டவற்றில் உள்ளது.

1876 என்னும் ஆண்டு பெண்களுக்கு எத்தகையதாயிருந்தது? பட்டமுடைய ஆங்கிலேயர் பணமுடைய அமெரிக்கப் பெண்களை மணப்பது அந்நாளில் நடைமுறை வழக்கம். புறூக்ளினிற் பிறந்த ஜெனி ஜெறோம் 1874 இல் றன்டொல்ப் சேர்ச்சில் பிரபுவை மணந்தார். 1876 இல் கொன்சுவேலோ இஸ்னாகா, பின்னாளில் மான்செஸ்ரர்க் கோமகனாக இருந்தவரை நியூயோர்க்கிலேயே மணந்தார். ஆகவே சிறிய தந்தையின் திட்டம் கற்பனையன்று. மணமான பெண் தன் சொத்தைத் தனதாகவே வைத்திருக்கும் உரிமையை இங்கிலாந்துச் சட்டம் விரிவாக வழங்கியதோ 1882 இலேதான். அமெரிக்காவில் 1872 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த குற்றத்துக்காகச் சூசன் பி. அன்ரனி அம்மையார் கைதுசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டில் 100 டொலர் தண்டம் விதிக்கப்பெற்றார். 1876 யூலை 4 ஆம் நாள், நாட்டின் நூற்றாண்டு விழா பிலடெல்பியாவில் நடைபெற்றபோது, அவரும் தோழியரும் விழாவினிடையே புகுந்து பெண்களின் உரிமைச் சாற்றுரையைக் கையளித்தனர். பெண் எழும்போதெல்லாம் ஆடவன் எழுந்து நின்ற அதே காலம், அவள் வாக்குப்பெட்டியருகே சென்றபோது அவளைக் கைதுசெய்தது. உபசாரம் இருந்தது, உரிமை இருக்கவில்லை.

படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் புறூக்ளின் பாலமே இதற்கு மற்றொரு சான்று. அப்பாலத்தின் தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் றோப்லிங், நீரடி வேலைத்தளத்தின் அழுத்தத்தால் நோயுற்று வீட்டோடு முடங்கினார். அவருடைய மனைவி எமிலி றோப்லிங் கணக்கும் பொறியியலும் கற்று, கணவரின் பணிப்புரைகளை வேலைத்தளத்துக்குக் கொண்டுசென்று, 1883 இற் பாலம் திறக்கப்படும்வரை ஆண்டுக்கணக்கில் அப்பணியைத் தாங்கினார். ஆயினும் தலைமைப் பொறியியலாளர் என்னும் பதவி அவருக்கு உரியதாகவில்லை. 1876 ஆம் ஆண்டின் நியூயோர்க்கிலே அறிவும் ஆற்றலும் உடைய பெண்ணொருத்தி எவ்வாறு வாழ்ந்தாள் என்பதைக் காட்ட இதனினும் பொருத்தமான கதை கிடைத்தலரிது. கதையின் முக்கிய நிகழ்ச்சிகளை அப்பாலத்தின்மீதே அமைத்த படம் அதனைக் கண்டுகொள்ளவில்லை.

இவ்வுண்மையைப் படம் முற்றாக அறியாததுமன்று. கொழுப்புக் குறைந்த மாஜரின் ஒன்றின் விளம்பரத்தில் நடிக்குமாறு கேற் லியோபோல்டை அழைத்துச் செல்கிறாள். அதனைச் சுவைத்த அவன், இத்துணைக் கீழான பொருளை நல்லதென்று கூறுதல் தன் மானத்துக்கு இழுக்கென மறுத்து வெளியேறுகிறான். அப்பொழுது கேற் வெகுண்டெழுகிறாள். விரும்பாத வேலையையும் செய்தே தன்போல்வார் வாழவேண்டியிருக்கிறது என்பதும், உழைத்தறியாதவனுக்கு மானம் பேசுதல் எளிது என்பதும் அவளது வாதத்தின் சாரம். படம் முழுவதிலும் கோமகனுக்கு எதிராக எழும் உண்மையான குரல் இதுவொன்றே. அவனுடைய நேர்மை போலியன்று. எனினும் அந்நேர்மையைப் பேணுதற்கு வேண்டிய ஓய்வை வேறு யாரோ உழைத்துக் கொடுத்திருக்கின்றனர். இவ்வழக்கை இருபக்கமும் நின்று தொடர்ந்திருப்பின், இப்படம் சிறந்த நகைச்சுவைப் படைப்புக்களின் வரிசையில் நின்றிருக்கும். மங்கோல்ட் அதனைத் தொடங்கிவைத்து, காதலின் அவசரத்திற் கைவிட்டுவிடுகிறார்.

கைவிட்டதன் விளைவு முடிவில் வெளிப்படுகின்றது. லியோபோல்ட் தன் காலத்துக்கு மீள்கிறான். கேற், நெடுநாள் எதிர்நோக்கிய பதவி உயர்வைப் பெற்ற விழாவிலேயே, பேச்சை இடையில் நிறுத்திப் புறப்பட்டு, பாலத்தினின்று குதித்து 1876 ஐ அடைகிறாள். நடன மண்டபத்திலே கோமகன் அவளைத் தன் மணமகளாக அறிவிக்கிறான். காட்சி அழகியது, கண்கலங்கச் செய்வது. ஆயினும் இவ்விடத்தில் எழும் வினாக்கள் பல. அவளுடைய தொழில் என்னாயிற்று? அவள் சம்பாதித்த பணமும் சொந்தப் பெயரும் என்னாயின? நியூயோர்க்கில் வாழ்ந்து அவள் மீண்டும் வாக்களிக்க விரும்பின், 1917 வரை 41 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துத் துணிந்தாளென்று ஒரு சொல்லாவது காட்டியிருப்பின், அவளது தெரிவு பெருமையுடையதாயிருக்கும். எண்ணவே இல்லையென்று காட்டியதால், அவளது அறிவுக்குப் படம் இழுக்கு விளைத்துவிட்டது.

தேவதைக் கதையை நீதிமன்றத்தில் நிறுத்தலாகாது என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. காதற் கதைகள் யாவும் இறுதியில் இருவருள் ஒருவரை எதனையேனும் இழக்கச் செய்பவையே. ஆனால் இப்படம் பழங்கால நன்னடையை வெறும் அலங்காரமாகக் காட்டவில்லை. இக்காலத்துக்கு ஒரு படிப்பினையாகவே முன்வைக்கிறது. படிப்பினை தர முற்படும் கதை, தான் போற்றும் காலத்தைப் பற்றி உண்மை கூறும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறது.

லியோபோல்டின் மரியாதை 2001 இல் அத்துணைக் கவர்ச்சியாயிருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். 1876 இல் அவன் எழுந்து நின்றால் அது வழக்கம், எழாதிருந்தாற் குற்றம். அங்கே அது சமனின்மையை மூடிய அழகிய போர்வையுமாகும். 2001 இல் எவரும் அவனிடம் அதனை எதிர்பார்க்கவில்லை. அவன் எழுந்து நிற்பது தானாக உழைத்து, தானாக முடிவெடுத்து வாழும் ஒருத்திக்காக. வேண்டாமென்று கூறும் உரிமையும் அவளுக்கு உண்டு. ஆகவே அங்கே அது கட்டாயத்தின் நீங்கி, உள்ளத்தின் விருப்பாற் பிறந்த கொடையாகின்றது. அவனது நடை அழகு பெறுவது அது பழையதாதலினால் அன்று. உரிமையுடைய ஒருவர்க்கு மற்றொருவர் விரும்பியளிக்கும் மதிப்பாதலினால்.

இவ்வாறு நோக்கின், லியோபோல்ட் மீளாது 2001 இலேயே தங்கியிருத்தலே கதைக்கு இயைந்த முடிவாகும். கேற் தன் அலுவலகத்துக்குப் புறப்பட எழும்போது அவனும் எழுந்து நிற்பதைக் காட்டிப் படத்தை முடித்திருக்கலாம். அத்தகைய முடிவிலே கோமகன் இழப்பது பட்டமொன்றே. அதுவும் பணமில்லாத பட்டம். முடிவு இவ்வாறு தவறினும், ஏறக்குறைய இரண்டு மணிநேரம் ஓடும் இப்படம் விட்டுச்செல்லும் நினைவு இனியதே. அவசரம் மிக்க நகரொன்றிலே, ஒருத்தி எழுந்தாளென்பதற்காகத் தன் உணவை விட்டு எழுந்து நின்ற ஒருவனின் காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று.