டாங்கியை நிறுத்த ஓர் இடம்

நீல் ஸ்டீஃபன்சனின் ‘இன் த பிகினிங் வாஸ் த கமாண்ட் லைன்’ 1999இல் வந்தது. ‘ஆதியிலே கட்டளை வரி இருந்தது’ என்று தமிழில் சொல்லலாம். அச்சில் சின்னப் புத்தகம். இணையத்தில் எந்த அலங்காரமும் இல்லாத உரைக்கோப்பாக இலவசமாகவே கிடைத்தது. ‘ஸ்னோ கிராஷ்’, ‘கிரிப்டோனாமிகான்’ எழுதிய நாவலாசிரியர், கணினியின் இயங்குதளங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இது. யூனிக்ஸ் பித்துப் பிடித்த ஆட்கள் அடுத்தவருக்குப் பித்தை ஏற்றக் கொடுக்கும் புத்தகம் என்றால் பெரும்பாலும் இதுதான். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஓர் எழுத்தாளர் தன் எழுதுகருவியை இவ்வளவு தீவிரமாக யோசித்த கட்டுரைகள் குறைவு. அதனாலேயே இதைத் தொழில்நுட்ப நூலாக ஒதுக்காமல் இலக்கிய வாசகர்கள் படிக்க வேண்டும் என்பேன். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தமிழில் வாசிப்பவருக்கு அது சீக்கிரமே கண்ணில் படும்.

முதலில் அதன் புகழ்பெற்ற உவமை. ஒரு நாற்சந்தியில் நான்கு வாகனக் கடைகள். மைக்ரோசாஃப்ட் கடை ஆகப் பெரியது. சைக்கிளில் ஆரம்பித்து இப்போது பிரம்மாண்டமான குடும்பக் கார் விற்கிறது. ஆப்பிள் கடையில் பளபளப்பான ஐரோப்பிய பாணி கார். என்ஜினைத் திறந்து பார்க்க முடியாது. பிஇ நிறுவனத்தின் கடையில் பேட்மேன் ஓட்டுவது மாதிரியான வண்டிகள். நான்காவது கடையே இல்லை. வயல்வெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம், ராணுவ டாங்கிகளைச் செய்து சாவியோடு நிறுத்தி வைத்திருக்கிறது. வேண்டியவர் ஓட்டிக்கொண்டு போகலாம், காசே வேண்டாம். அதுதான் லினக்ஸ். வருபவர்களில் பெரும்பாலோர் அந்த டாங்கியைத் தாண்டிப் போய்க் காசு கொடுத்து குடும்பக் கார் வாங்குகிறார்கள்.

கூட்டத்தில் ஒருவன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்க்கிறான். வந்தவர், டாங்கியைப் பராமரிக்க எனக்குத் தெரியாதே என்கிறார். கார் மட்டும் பராமரிக்கத் தெரியுமா என்று இவன் கேட்கிறான். கடையில் மெக்கானிக் இருக்கிறாரே என்கிறார் அவர். நீங்கள் தூங்கும்போது எங்கள் ஆட்களே வீட்டுக்கு வந்து இலவசமாகச் சரிசெய்து தருவார்கள் என்கிறான் இவன். வந்தவர் மிரண்டுபோய், என் வீட்டுப் பக்கமே வராதே என்று கத்துகிறார். முதல் முறை வாசித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மறுபடி வாசிக்கும்போதுதான் தோன்றியது: கட்டுரையின் மிக முக்கியமான கேள்வி இந்தப் பகடிக்குள் வந்து, பதில் இல்லாமலே போய்விடுகிறது. டாங்கியை எடுத்துக்கொள்வது சரி. அதை எங்கே நிறுத்துவது? யார் துடைப்பது? எத்தனை வருஷத்துக்கு?

ஸ்டீஃபன்சனின் அக்கறை வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் நாம் பார்க்கும் கோப்புறை, குப்பைத்தொட்டி, மேசை எல்லாமே உவமைகள். அந்த உவமைகளை நமக்காக யாரோ ஒரு நிறுவனம் தேர்ந்தெடுத்திருக்கிறது. உவமைக்குள் வாழ்ந்து பழகியவன் அடியில் இருப்பதை மறந்துவிடுகிறான் என்கிறார். இதைச் சொல்ல டிஸ்னி உலகத்துக்குக் கூட்டிப்போகிறார், ஒரு ராட்சதத் துளைக்கருவியைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். எல்லாம் ரசமான பக்கங்கள். அவர் ஆப்பிளை விட்டு வந்த காரணமும் எழுத்தாளனின் காரணம்தான்: சேமித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆவணத்தை, மீட்கவே முடியாத அளவுக்கு அவருடைய மடிக்கணினி தின்றுவிட்டது.

இதைவிட முக்கியமான இன்னொரு சம்பவம் உண்டு. எண்பதுகளில் வேர்டில் எழுதிய பழைய கோப்பொன்றை அவர் பல வருஷம் கழித்துத் திறக்கிறார். புதிய வேர்டுக்கு அது அடையாளம் தெரியவில்லை. வெறும் உரையாகத் திறந்து பார்க்கிறார். வடிவமைப்பு எல்லாம் சிதைந்து நடுநடுவே கட்டம் கட்டமாகக் குப்பை. ஆனால் எழுத்துகள் அங்கேயே இருக்கின்றன. இதிலிருந்துதான் அவருடைய நம்பிக்கை பிறக்கிறது: வடிவங்கள் செத்துப்போகும், நிறுவனங்கள் மாறும், வெறும் உரை நிலைக்கும். யூனிக்ஸ் எல்லாவற்றையும் வெறும் உரையாக வைத்துக்கொள்வதால் அதுதான் அடித்தளம்.

அட, நமக்கும் அப்படி இருந்திருந்தால்!

இந்தக் கட்டுரை வந்த காலத்தில் தமிழில் எழுதிய ஒருவர் தன் பழைய கோப்பைத் திறந்தால் என்ன தெரியும்? அன்று புழங்கிய திஸ்கி குறியீட்டில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். முக்கால் என்ற பின்னம், தலையில் கோடு போட்ட பெரிய ஏ, அமெரிக்கச் சென்ட் குறி, கோடு போட்ட சின்ன யு. அவ்வளவுதான் ‘தமிழ்’. இது கெட்டுப்போன கோப்பு இல்லை. ஒரு பைட்கூட மாறவில்லை. ஸ்டீஃபன்சனின் பார்வையில் இதுதான் எதுவும் சேர்க்காத வெறும் உரை. ஆனால் எழுத்துகள் அங்கே இல்லை. அவை எழுத்துருவில் இருந்தன. எழுத்துரு வேறொருவர் கணினியில் இருந்தது. திஸ்கி, டாம், டாப், தனித்தனி நிறுவனக் குறியீடுகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி வேண்டியிருந்தது.

ஆக, அவர் தரை என்று நினைத்துக் காலூன்றிய இடம் தரையில்லை, அதுவும் ஓர் உடன்படிக்கை. ஆஸ்கி என்பது ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட ஒப்பந்தம். எல்லாரும் ஒத்துக்கொண்டதால் அது இயற்கை மாதிரி தெரிந்தது. உவமைகளின் அடியில் இருப்பதைப் பார் என்று சொன்னவர், தன் காலடியில் இருந்த உவமையைப் பார்க்கவில்லை. அமெரிக்க வாசகருக்கு எழுதியவர் தமிழைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சண்டைபிடிக்க நான் வரவில்லை. அவருடைய வாதத்தை அவரே முழுசாகக் கொண்டுபோகவில்லை என்பதுதான் என் குறை.

கட்டுரையில் இன்னொரு பிரிவினை வருகிறது. எச்.ஜி. வெல்ஸின் ‘டைம் மெஷின்’ நாவலிலிருந்து எடுத்தது: எல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த சிறுபான்மை மோர்லாக்குகள், அது தெரியாமல் சுகமாக இருக்கும் எலோய்கள். இந்தப் பிரிவினையும் நம்மிடம் வந்தால் உடைந்துபோகிறது. நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். நா. கோவிந்தசாமி சிங்கப்பூரின் முக்கியமான சிறுகதையாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் அவர். கணியன் மென்பொருள் அவருடையது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தை ஆரம்பித்தார்; தன்னார்வலர்கள் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். இவர்களில் யார் மோர்லாக், யார் எலோய்? தன் கதையைத் திரையில் வாசிக்கவே ஒரு சிறுகதையாளர் நிரல் உலகத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. கோவிந்தசாமி மறைந்ததும் ஸ்டீஃபன்சனின் புத்தகம் வந்த அதே 1999இல்தான்.

சுவாரசியம் என்னவென்றால், இந்தச் சிக்கலுக்கான தீர்வும் யூனிக்ஸ் வீட்டிலிருந்துதான் வந்தது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1992இல் நியூஜெர்சி உணவகம் ஒன்றில் ராப் பைக்கோடு உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் யூடிஎஃப்-8 குறியீட்டு முறையை வரைந்தார். ஆங்கில எழுத்து அதே ஒரு பைட்டில் இருக்கும், பழைய கோப்புகள் எதுவும் கெடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். மும்மடங்கு இடம் கொடுத்துத்தான் நமக்குப் பொதுத் தரை கிடைத்தது. மோசமான பேரம் இல்லை. ஸ்டீஃபன்சன் எழுதும்போது அதற்கு ஏழு வயசு. கட்டுரையில் அது அவருக்குத் தேவைப்படவே இல்லை.

ஆனால் தரை வந்துவிட்டதே தவிர, தானாக யாரும் அங்கே குடியேறவில்லை. மதுரைத் திட்டத்தின் திஸ்கி நூல்கள் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. அது எண்ணுக்கு எண் மாற்றும் வேலையில்லை. திஸ்கியில் ‘கொ’ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும். ஒவ்வொரு சொல்லையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றியதால்தான் அந்த நூல்கள் இன்று நம் கைபேசியில் திறக்கின்றன. மாற்ற ஆளில்லாத கோப்புகள் அப்படியே நின்றுவிட்டன. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களுக்கு இரட்டைச் சாவு: இடமும் போனது, எழுத்துருவும் போனது.

இன்றைக்கும் கட்டளை வரி நமக்கு முழுசாகப் பணிந்துவிடவில்லை. லினக்ஸில் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணித் தரும் கட்டளையிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால், வரிமுடிவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஐந்து எழுத்து என்கிறது. பைட் கணக்கு கேட்டால் பதினைந்து. மூன்று என்று எந்தத் தெரிவிலும் சொல்வதில்லை. வெறும் குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், கடைசியில் வர வேண்டிய ன, ந-வுக்கும் ப-வுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. முனையத் திரை பல கணினிகளில் சம அகலக் கட்டங்களாகவே நினைக்கிறது. ‘கௌ’ வந்தால் தடுமாறுகிறது. கட்டளை வரியில் பொய் இல்லை, இயந்திரத்தோடு நேரடிப் பேச்சு என்று சொல்பவர்கள், எந்த மொழியில் பேச்சு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2004இல் ஒரு நேர்காணலில் ஸ்டீஃபன்சன், இந்தக் கட்டுரை காலாவதியாகிவிட்டது, தான் இப்போது மேக்குக்கு மாறிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். மேக்கின் புதிய இயங்குதளத்துக்கு அடியில் யூனிக்ஸே வந்துவிட்டது. பளபளப்பும் டாங்கியும் ஒரே வண்டியாகிவிட்டன. அவரைப் பொறுத்தவரை கதை முடிந்தது. அந்த மேக்கில் தமிழ் தட்டச்சுப் பலகையைத் தேடினால் ‘அஞ்சல்’ என்ற பெயர் இருக்கும். முரசு அஞ்சலின் அஞ்சல்தான். அவருடைய கதை முடிந்த இடத்தில் நம் கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்குபவரின் கேள்வியோடு தொடங்கிய கட்டுரை, வாங்கியதும் முடிந்துவிடுகிறது. வைத்துக் காப்பவருக்குக் கேள்வி அங்கேதான் ஆரம்பம். எனக்கு இது தெரிந்தது ஒரு பழைய மினி கணினியால். எங்கள் வீவக வீட்டில் தொலைக்காட்சி மேசைக்கு அடியில், டெபியன் லினக்ஸோடு அது இரவும் பகலும் ஓடுகிறது. நான் எழுதுவதெல்லாம் அதில் இருக்கிறது, அதிலிருந்தே உலகத்துக்கும் போகிறது. “இது எதுக்கு எப்பப் பார்த்தாலும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு?” என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. இலவச டாங்கிதான். ஆனால் தளப் பெயருக்கு வருஷா வருஷம் காசு. பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். வீட்டு இணைய முகவரி சொல்லாமல் மாறும். பதிவேட்டைத் திறந்தால், எங்கிருந்தோ யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டெபியனின் புதிய பதிப்பு. இதில் சாகசம் ஒன்றுமில்லை. வீடு கூட்டுவது போலத்தான்.

இதைச் சொன்னால் ஒரு மறுப்பு வரும், அது வலுவானதும்கூட. பெரிய நிறுவனத்தின் தளம் பத்து வருஷமாவது இருக்கும், உன் மேசைக்கடி கணினி உனக்குக் காய்ச்சல் வந்தாலே நின்றுவிடுமே? உண்மைதான். தனியொரு ஆள் தனியொரு வீட்டில் வைத்திருப்பது சுதந்திரமாகத் தெரியும், ஆனால் அதைவிட நொய்ந்த ஏற்பாடு இல்லை. ஸ்டீஃபன்சனின் டாங்கி ஓட்டுநர் தனியாள். அந்த வீரத்தை நான் நம்பவில்லை. ஜொகூரில் ஒரு நண்பர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு கணினி ஓடுகிறது. ஒவ்வோர் இரவும் என் கோப்புகள் அவர் வீட்டுக்குப் போகின்றன, அவருடையவை என் வீட்டுக்கு வருகின்றன. எல்லாம் யூடிஎஃப்-8இல் வெறும் உரை. நான் இல்லாவிட்டாலும் யாரும் திறக்கலாம். நாற்சந்திக் கதையில் ‘என் வீட்டுப் பக்கமே வராதே’ என்று கத்தப்பட்ட ஆள் இருக்கிறானே, எங்கள் ஏற்பாட்டில் அவன்தான் மையம்.

இந்தக் கட்டுரையை வாசியுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் நகைச்சுவை கெடவில்லை. கருவியைக் கேள்வி கேட்கும் பழக்கத்தை அது ஏற்படுத்தும். வெறும் உரை நிலைக்கும் என்ற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். எந்த உரையும் தானாக நிலைப்பதில்லை. ஒருவர் மாற்றி எழுதி, இன்னொருவர் வாங்கி வைத்துக்கொண்டால்தான் நிலைக்கும். உங்கள் கதைகளும் கவிதைகளும் இப்போது எங்கே இருக்கின்றன, எந்த வடிவத்தில் இருக்கின்றன, இன்னொரு படி யார் வீட்டில் இருக்கிறது என்று இன்றிரவே பார்த்துவிடுங்கள்.