மாம்பழ வாசனையும் முதலாளியின் மகனும்

கென்னத் ஓப்பெலின் ‘ஏர்பார்ன்’ (2004) நாவலை ஒரே மூச்சில் படித்தேன். ‘பையன்கள் படிக்கிற சாகசக் கதை, இதுல என்ன இருக்கு?’ என்றார் நண்பர். ரசித்ததை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ரசனையைத்தான் விசாரிக்க வேண்டும்.

மேட் க்ரூஸ், ‘அரோரா’ என்ற ஆகாயக் கப்பலில் எடுபிடிப் பையன். அதே கப்பலில் வேலை பார்த்த அப்பா தவறி விழுந்து செத்துப்போனவர். சம்பளம் வீட்டுக்குப் போகிறது. அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வோ முதலாளியின் மகன் ப்ரூஸுக்குப் போகிறது. வயிறெரிகிறது நமக்கு.

1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் பாதி வேடிக்கையாகப் பெயர் சூட்டிய ‘ஸ்டீம்பங்க்’ வகை எழுத்து, நீராவிக் காலத்து இயந்திரங்களை மறுபடி கற்பனை செய்வது. ஆனால் எதை விட்டுவிட்டுக் கற்பனை செய்கிறது? ‘ஹிண்டன்பர்க்’ ஹீலியத்துக்காக வடிவமைக்கப்பட்ட கப்பல். அமெரிக்கா ஹீலியத்தை ஏற்றுமதி செய்யவில்லை; ஜெர்மானியர்கள் ஹைட்ரஜனை நிரப்பினார்கள். 1937 மே 6இல் அது எரிந்து 36 பேர் செத்தார்கள். வாயுவுக்குப் பின்னால் அரசுகள் இருந்தன. ஓப்பெல், மாம்பழ வாசனை வீசும் ‘ஹைட்ரியம்’ என்றொரு வாயுவைக் கண்டுபிடித்துக்கொள்கிறார். எரியாது, ஹைட்ரஜனைவிட லேசு. வரலாறு ஒரே மூச்சில் ஊதித் தள்ளப்பட்டுவிடுகிறது.

மேட்டின் கோபத்துக்கும் இதேதான் நடக்கிறது. வேலையை மகனுக்குத் தூக்கிக்கொடுத்த முதலாளி மேலிருந்து நகர்ந்து, அது ஆகாயக் கொள்ளைக்காரர்கள் மேல் போய் விழுகிறது. ப்ரூஸ் நல்ல பையனாகிறான், பிறகு செத்தும்போகிறான். மேட்டுக்கு வெகுமதிப் பணம், பாரிஸில் படிப்பு. ஒருத்தன் மேலே ஏறிவிட்டான். ஏணி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

அப்படியானால் நான் ரசித்தது பொய்யா? இல்லை என்றே நினைக்கிறேன். கப்பலின் ஒவ்வொரு மூலையும் மேட்டுக்குத் தெரியும். அந்தத் தேர்ச்சி பரம்பரையில் வந்ததல்ல, படுக்கை விரித்து, தட்டு ஏந்தி, காவல் நின்று உடம்பில் ஏறியது. ஆபத்து வரும்போது கப்பலைக் காப்பாற்றுவது அந்த அறிவுதான். உழைப்பவனின் கையறிவை இவ்வளவு ருசியாகச் சொல்லும் பக்கங்கள் நம் ‘தீவிர’ நாவல்களில் எத்தனை இருக்கின்றன?

முடிவை நிராகரிக்கிறேன். அந்தப் பக்கங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். சாகசக் கதை என்று ஒதுக்குகிற நண்பர்கள் படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.