விளையாட்டில் பிறந்த அழுகை

விளையாட்டு உவகைக்கு உரியது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்து, செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் வைத்தார். அழுகைக்கு அவர் வகுத்த களன்கள் வேறு. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. ஒன்றற்கு உரிய களன் மற்றொன்றற்கு வாராது என்பதே கற்போர் பலர் இயல்பாகக் கொள்ளும் கருத்து. அழுகிற குழந்தையின் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுக்கும் தாயும், இலக்கணம் கல்லாமலே, இக்கருத்தை உடையவள்தான்.

இன்றோ விளையாட்டே அழுகைக்குக் களனாவதைக் காண்கிறோம். வீடியோ விளையாட்டு என்றவுடன் ஆசிரியர் பலர்க்கு நினைவில் வருவன துப்பாக்கிச் சூடும், கார்ப் பந்தயமும், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்கும் மாணவனும்தாம். அந்நினைவு முற்றும் பொய்யன்று. ஆயினும், கதையை முதலாகக் கொண்டு மனத்தை உருக்கும் விளையாட்டுகளும் அவற்றுள் உள. அவற்றை ஆடிய இளைஞர், வயது வந்தோர் எனப் பலர், ஆடி முடித்தபின் அழுததாகக் கூறுகின்றனர். இவ்வழுகை எத்தகையது? கலை தந்ததா, பொறி தந்ததா? ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது தக்கது. பலவற்றைத் தொட்டுச் செல்வதால் பயனில்லை.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' என்னும் விளையாட்டு. 'உடன்பிறந்தார்: இரு மைந்தர் கதை' என்று அதனைத் தமிழில் கூறலாம். சுவீடன் நாட்டு ஸ்டார்பிரீஸ் நிறுவனத்தில் அது உருவாயிற்று. இயக்கியவர் யோசெப் ஃபாரெஸ். லெபனானில் பிறந்து, உள்நாட்டுப் போரின் காரணமாகச் சிறுவயதிலேயே குடும்பத்தோடு சுவீடனில் குடியேறியவர் இவர். அதற்கு முன்பு திரைப்பட இயக்குநராக இருந்தவர். போரில் குடும்பத்தை இழந்து சுவீடனுக்கு வரும் லெபனான் சிறுவனைப் பற்றி 2005இல் 'சோசோ' என்னும் படத்தை எடுத்தவரும் இவரே. பிரித்தானியத் திரைப்படத் தொலைக்காட்சிக் கலைக் கழகம் 2014இல் புத்தாக்கத்துக்கான விருதை இவ்விளையாட்டுக்கு வழங்கியது. ஆடி முடிக்க மூன்று மணி நேரம் அளவில் ஆகும்.

கதை மிக எளியது. பாட்டி சொல்லும் கதை போன்றது. ஒரு கடலோரச் சிற்றூர். அங்கு ஒரு தந்தையும் இரு மைந்தரும் வாழ்கின்றனர். தாய் முன்னரே கடலில் மூழ்கி இறந்தாள். இளையவன் கண்முன்னே அது நிகழ்ந்தது. அவனால் காப்பாற்ற இயலவில்லை. அன்று முதல் அவனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். இப்போது தந்தையும் நோயுற்றுக் கிடக்கிறார். உயிர் மரத்தின் நீரைக் கொணர்ந்தால் அவர் பிழைப்பார் என்கிறார் மருத்துவர். இருவரும் புறப்படுகின்றனர். ஓநாய்கள் திரியும் காடு, பூதங்களின் சுரங்கம், இராட்சதர் மாண்டு கிடக்கும் போர்க்களம் எனப் பல இடங்களைக் கடக்கின்றனர். மரத்தை அடையும் தறுவாயில் தமையன் புண்பட்டு வீழ்கிறான். தம்பி தனியே மரத்தில் ஏறி நீரைக் கொண்டு இறங்கி வரும்போது தமையன் உயிர் நீங்கியிருக்கிறது.

இவ்வளவும் ஒரு சொல்லும் விளங்காமல் நடக்கிறது என்பது குறிக்கத்தக்கது. கதைமாந்தர் பேசும் மொழி உலகில் எங்கும் வழங்காத கற்பனை மொழி. திரையின் அடியில் பொருள் எழுதிக் காட்டுவதும் இல்லை. குரலின் ஏற்ற இறக்கத்தாலும், கை அசைவாலும், நின்ற நிலையாலுமே எல்லாம் உணர்த்தப்படுகின்றன. சொல்லையே கருவியாகக் கொண்டு பிழைக்கும் தமிழாசிரியர்க்கு இது சற்று அச்சம் தரும் செய்தியே.

இனி, அழுகை எங்கிருந்து வருகிறது என்று காண்போம். அதனைக் கதையில் தேடினால் முழு விடை கிடைக்காது. ஆடுவோன் கையில் தேடவேண்டும். இவ்விளையாட்டை ஆடுவோன் இரு கையாலும் பிடித்துக்கொள்ளும் கைக்கருவியில் பக்கத்துக்கு ஒரு குமிழும் ஒரு விசையும் உண்டு. இடப்பக்கத்தன தமையனுக்கு உரியன, வலப்பக்கத்தன தம்பிக்கு. குமிழைத் திருப்பினால் அவரவர் நடப்பர். விசையை அழுத்தினால் அவரவர் தம் இயல்புக்கு ஏற்பச் செயல்படுவர். பெரியவன் பலம் உடையவன். கனத்த நெம்புகோலை அவன்தான் இழுப்பான். சிறியவன் கம்பிகளின் இடைவெளியில் நுழைவான். வழியிற் காண்போரிடம் குறும்பு செய்வான். ஒருவன் ஒரே வேளையில் இருவராக இருந்து ஆடுவதே இவ்விளையாட்டின் இலக்கணம்.

தொடக்கத்தில் இது பெருந்தொல்லை. இடக்கைக்கு உரியவன் திரையின் வலப்பக்கம் போய்விட்டால் கைகள் குழம்பும். இருவரும் மாறி மாறிச் சுவரில் முட்டிக்கொள்வர். பொறுமை இல்லாதோர் இங்கேயே நிறுத்திவிடுவர். ஆனால், ஒரு மணி நேரம் கழிந்தபின் கைகள் பழகிவிடுகின்றன. ஓரிடத்தில் இருவரும் ஒரே கயிற்றில் பிணைந்து ஓர் உயர்ந்த கட்டடத்தின் புறத்தே தொங்கிச் செல்லவேண்டும். ஒருவன் பற்றிக்கொண்டு நிற்க, மற்றவன் ஊசலாடி அடுத்த பிடியை எட்டுவான். ஒரு விரல் முன்கூட்டியே தளர்ந்தால் இருவரும் வீழ்வர். நீர் குறுக்கிடும் இடங்களிலோ தம்பி தமையன் முதுகைப் பற்றிக்கொள்வான். வலக்கை விசையை அழுத்தியபடியே இருந்தால்தான் பிடி நிற்கும். நீந்துவது தமையன், அதாவது ஆடுவோனின் இடக்கை. இவ்வாறு இடக்கை என்பது தமையன் என்றும், வலக்கை என்பது தம்பி என்றும் உடலே கற்றுக்கொள்கிறது. எவரும் இதனை எடுத்துக் கூறுவதில்லை.

தமையன் இறந்தபின் இடக்கைக்கு வேலை இல்லை. குமிழைத் திருப்பினால் எதுவும் அசைவதில்லை.

அடுத்து அடக்கம் செய்யும் காட்சி. திரைப்படமாயின் இசை ஒலிக்க, காட்சி மங்க, நொடியில் கடந்துவிடும். இங்கோ ஆடுவோனே தமையன் உடலைத் தம்பியைக் கொண்டு குழிக்கு இழுத்து வரவேண்டும்; மண்ணையும் சிறிது சிறிதாகத் தள்ளவேண்டும். விசையை அழுத்தாவிட்டால் உடல் அங்கேயே கிடக்கும். அவசரமும் இல்லை, விரைவில் முடிக்கும் வழியும் இல்லை. பலர் அழுவது இங்கேதான். இஃது இழவு பற்றிய அழுகை. தொல்காப்பியர் வகுப்பில் ஐயமின்றி அடங்கும். ஆயினும் இவ்வழுகையை ஒரு நல்ல திரைப்படமும் ஏறக்குறைய தந்துவிடும் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை முற்றும் மறுப்பதற்கில்லை. சிறுவனின் அண்ணனைச் சாகடித்தால் எவர்தாம் கலங்கார்? கண்ணீர் வந்தது என்பது மட்டுமே ஒரு படைப்பின் தகுதிக்குச் சான்றாகாது. அவ்வாறாயின், மூன்றாந்தரத் திரைப்படங்கள் பல உயர்ந்த காவியங்கள் ஆகிவிடும்.

இவ்விளையாட்டின் உண்மையான வெற்றி அதற்கு அப்பால் இருக்கிறது. தம்பி மருந்து நீரோடு ஊர் மீள்கிறான். இரவு, பெருமழை, புயல். வீட்டை அடையும் வழியை நீர் மூடியிருக்கிறது. தமையன் முதுகு இல்லை. ஆடுவோன் வலக்கை விசையை அழுத்துகிறான்; சிறுவன் நீரைக் கண்டு பின்வாங்குகிறான். மீண்டும் அழுத்துகிறான், பயனில்லை. குமிழைத் திருப்பிப் பார்க்கிறான். என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கிறான். அப்போது, நெடுநேரமாகச் செயலற்றுக் கிடந்த இடக்கை விரல் தமையனின் விசையை அழுத்துகிறது. சிறுவன் நீரில் இறங்கி நீந்துகிறான்.

திரையில் நிகழ்ந்தது என்ன? ஒரு பையன் நீந்தினான்; அவ்வளவே. பக்கத்தில் அமர்ந்து பார்ப்பவர்க்கு இதில் வியப்பு ஏதும் இராது. ஆனால், ஆடியவன் கைக்கோ வேறொன்று தெரியும். இறந்தவன் பலம் இருப்பவனுக்குள் வந்து சேர்ந்ததை அவன் விரலே கண்டுபிடித்தது. சொல்லும் இல்லை, நினைவுக் காட்சியும் இல்லை, ஓர் அழுத்தம் மட்டுமே. சற்றுப் பின்னர், தமையன் மட்டுமே இழுக்கவல்ல நெம்புகோலையும் அவ்விசையாலேயே தம்பி இழுக்கிறான். இக்காட்சியை எழுத்திலோ மேடையிலோ திரைப்படத்திலோ காட்ட இயலாது. கருத்தைக் கூறலாம், நிகழ்ச்சியைப் படம் பிடிக்கலாம். விரலின் திகைப்பைத் தர இயலாது.

இது கலையன்று, பழக்கத்தை வைத்துச் செய்த தந்திரம் என்பர் சிலர். பழக்கத்தைப் பயன்படுத்தாத கலை எது? நாற்சீர் அடிகளுக்குப் பழகிய செவி வெண்பாவின் ஈற்றடியில் மூன்றாம் சீரோடு நின்றுவிடுகிறது. அந்நிற்றலில் ஒரு நிறைவை உணர்கிறது. செவியைப் பழக்கிப் பின் அப்பழக்கத்தின்மேல் பொருளை ஏற்றுவது புலவர்க்குக் கைவந்த வேலை. இங்கே செவிக்குப் பதில் விரல். தந்திரம் என்று இதனைத் தள்ளுவோர் யாப்பையும் தள்ளவேண்டிவரும்.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலிற் புலப்படுதல். கூத்தில் அதனை ஆடுவோன் மெய்யிற் காண்கிறோம். செய்யுளில் தலைவன் தலைவி மெய்யிற் காண்கிறோம். இவ்விளையாட்டில் அது யார் மெய்யில் தோன்றுகிறது? கதைமாந்தனும் காண்போனும் இங்கே முற்றும் வேறானவர் அல்லர். மெய்ப்பாட்டியலின் முதற்சொல் 'பண்ணை' என்பதை ஆசிரியர் அறிவர். விளையாட்டு ஆயம் என்று உரையாசிரியர் அதற்குப் பொருள் கொண்டனர். உரியியலிலும் அச்சொல் விளையாட்டு என்னும் பொருட்டாகவே வந்துள்ளது. ஆகவே சுவையைப் பற்றிய பேச்சு விளையாட்டுக் களத்திலேயே தொடங்குவது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கணினியைக் கண்டார் என்று கூறப் புகுவது நகைப்புக்கு இடமாகும்; அப்பழக்கம் நம்மிடையே சிறிது மிகுந்தே இருக்கிறது. அவர் தந்த சொற்கள் இப்புதுக் கலையை அளக்கவும் உதவுகின்றன என்பது மட்டுமே ஈண்டுக் கருத்து.

குறைகளும் உண்டு. பெரியது தமையன் புண்படும் வகை. பலியிடப்படவிருந்த ஒரு பெண்ணை உடன்பிறந்தார் காப்பாற்றுகின்றனர். தமையன் அவள்மேல் மயங்குகிறான், தம்பி ஐயுறுகிறான். இறுதியில் அவள் சிலந்தி வடிவெடுத்துத் தமையனைக் குத்துகிறாள். அழகிய பெண் என்றால் வஞ்சம் என்னும் பழைய கதைத் தேய்வு இது. மற்ற இடங்களில் மனித இயல்பை நுட்பமாகக் காட்டியவர், மையமான சாவுக்கு இத்தகைய மலிவான காரணத்தை வைத்தது வருந்தத்தக்கது. தாயோ கதை தொடங்குமுன்பே இறந்துவிட்டாள், இவளோ அரக்கியாகிவிடுகிறாள். பெண்மைக்கு இக்கதையில் இடம் மிகக் குறைவு.

வழியிடையே ஒரு சிறு நிகழ்ச்சி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. குடும்பத்தைத் தீயில் இழந்த ஒருவன் தூக்கிட்டுக்கொள்ள முயல்கிறான். உடன்பிறந்தார் சேர்ந்து அவனைக் காப்பாற்றலாம். காணாமற் கடந்தும் போகலாம். கதை அவர்களை வற்புறுத்துவதில்லை. கடந்து போனால் இடித்துரைப்பதும் இல்லை. அறத்தை இவ்வாறு ஆடுவோன் கையிலேயே விட்டுவிடுவது, அடிக்குறிப்பாக நீதியை எழுதும் பாடநூல்களைவிட மேலானது.

2024இல் இவ்விளையாட்டு புதிதாக்கப்பெற்று மீண்டும் வெளிவந்தது. காட்சிகள் முன்னினும் ஒளி மிக்கன. இருவர் பக்கத்திற் பக்கம் அமர்ந்து ஆளுக்கு ஓர் உடன்பிறந்தானை இயக்கும் வழியும் சேர்க்கப்பட்டது. வீட்டில் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து ஆடட்டும் என்பது நல்லெண்ணமே. ஆயினும் அதனால் இப்படைப்பின் உயிர்நிலை கெடுகிறது. தமையன் விசை வேறொருவர் கையில் இருந்தால், இறந்தவன் பலத்தைத் தன் கையிலேயே கண்டெடுக்கும் அந்த நொடிக்கு இடம் ஏது? அருகிருப்பவர் செய்த உதவியாக அது மாறிவிடும். முதன்முறை ஆடுவோர் தனித்தே ஆடுதல் வேண்டும். துணையோடு ஆடுவதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.