அந்தாதியும் சாட்சியும்

வண்டிக் காமிராவின் படத்தைப் பிளாக்செயின் என்னும் கணினிப் பதிவேட்டில் ஏற்றினால் அது மெய்யென நிலைபெறும் என்பர் சிலர். இக்கூற்று ஆராயத்தக்கது.

அப்பதிவேட்டின் அமைப்பு தமிழாசிரியர்க்குப் புதிதன்று. அந்தாதியில் ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதலாகும். இங்கே, ஒரு பதிவுக்கட்டினைக் கணக்கிட்டுப் பெறும் முத்திரை அடுத்த கட்டில் இடம்பெறும். அந்தாதியில் இடைச்சொல்லை மாற்றினும் தொடர்ச்சி கெடாது. இங்கோ ஒரு புள்ளி மாறினும் முத்திரை மாறும். ஹேபர், ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் 1991-இல் இத்தொடர்முறையை வெளியிட்டனர். 1995 முதல் இத்தகைய முத்திரை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வாரந்தோறும் அச்சாயிற்று. ஊரெங்கும் பரவிய இதழை யார் திருத்த இயலும்?

எனினும், முத்திரை காப்பது மாறாமையை, மெய்ம்மையை அன்று. காமிராவின் கடிகாரம் பிழைபட்டிருந்தால் அப்பிழையும் அழியாது நிற்கும். ஏற்றுமுன் திருத்தப்பட்ட படமும் அவ்வாறே. பிழையுள்ள ஓலையை வழுவின்றிப் படியெடுத்தால் பாடம் திருந்துமோ?

படத்துக்கு நம்பகம் தருவது எது? பாலிங் ஊரே விடை சொல்லும். 1955 டிசம்பர் 28, 29-இல் அங்குத் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் சந்தித்தனர். அப்படங்களை நாம் ஏற்பது, இருதரப்பார் கூற்றும் செய்தியாளர் குறிப்பும் அவற்றோடு ஒத்து நிற்பதால்.

நாளை பாலிங் சாலையில், “அந்நேரம் நான் அங்கில்லை” எனத் தோட்டத் தொழிலாளி ஒருவர் முறையிட்டால், முத்திரையைக் காட்டி அவர் வாயை அடைக்கலாகாது. முத்திரை வேண்டும், சாட்சி அதனினும் வேண்டும்.